சுரபாயாவில் சுட்டது யார் கை?

நவம்பர் 10! இந்தோனேசிய மக்களுக்கு அது வீரர் நாள். நம் முன்னோர் சாவகம் என்று அழைத்த ஜாவாத் தீவின் வடகரையிலே, கிழக்குப் பக்கமாக, சுரபாயா என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அந்நகரின் நடுவே 41 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு வீரர் தூண். 1952 நவம்பர் 10 அன்று சுகர்ணோ திறந்து வைத்த தூண் அது. அது நிற்கும் மண்ணில் முன்பு டச்சுக்காரனின் நீதிமன்றம் இருந்தது. பின்னர் அதே கட்டிடத்தில் ஜப்பானிய ராணுவப் போலீஸ் குடியேறி மக்களை வதைத்தது. நீதிமன்றம் என்ற பெயரில் ஒருவன் அடித்தான், பெயரே சொல்லாமல் மற்றவன் அடித்தான். இருவரும் போய்விட்டார்கள்; தூண் நிற்கிறது.

எங்கோ ஒரு தீவில் நடக்கும் விழா, நமக்கென்ன என்று கேட்கக்கூடும் சிலர். கேட்கட்டும்! அவர்களுக்கு ஒரே ஒரு செய்தியைச் சொன்னால் போதும். 1945ஆம் ஆண்டு அதே நவம்பர் 10ஆம் நாள் காலை, அந்நகரின் மீது பாய்ந்த பட்டாளத்தின் பெயர் என்ன தெரியுமா? 5ஆவது இந்திய டிவிஷன்!

ஆம், தோழர்களே! கட்டளை வெள்ளையனுடையது. பீரங்கி வெள்ளையனுடையது. போர்க்கப்பல் வெள்ளையனுடையது. ஆனால் தெருத் தெருவாக நுழைந்து சுட்ட கைகளிலே பெரும்பாலானவை இந்தியக் கைகள். ஓர் அடிமையின் விலங்கை முறிக்க விடாமல் இன்னோர் அடிமையை ஏவிய கதை அது. சுரபாயாவின் வீரத்தைப் பாடுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பாடுவது வழக்கம். நாம் விடுவதாக இல்லை. ஏனெனில் அந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. அதை எழுதியவர்கள் தொழிலாளர்கள்.

முதலில் நகரத்தின் கதை.

மிளகுக்கும் கிராம்புக்கும் கடை விரிக்க வந்த டச்சுக் கம்பெனி, 1619இல் ஜகார்த்தாவைப் பிடித்து பட்டாவியா என்று பெயர் மாற்றியது. வந்தவன் வாணிகன், இருந்தவன் எசமான். 1830க்குப் பிறகு ஒரு சட்டம் போட்டார்கள். உழவன் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்பும் அவுரியும் காப்பியும் பயிரிட்டுச் சர்க்காருக்குத் தர வேண்டும் என்று! ஏட்டிலே ஐந்தில் ஒரு பங்கு. வயலிலே பல இடங்களில் அதற்கும் மேல். நெல் விளைந்த மண்ணில் அவுரி விளைந்தது, உழவன் வீட்டில் பட்டினி விளைந்தது, ஹாலந்து நாட்டிலே ரயில் பாதைகள் விளைந்தன.

அந்தச் சர்க்கரையும் காப்பியும் கப்பலேறிய துறைமுகங்களில் தலையாயது சுரபாயா. டச்சுக் கடற்படையின் பெரும் பட்டறையும் அங்கேதான் இருந்தது. கொல்லன், பிட்டர், கலாசி, மூட்டை தூக்குபவன், ரயில்வேக்காரன் என்று உழைப்பாளிகள் நிறைந்த ஊர். அடங்கிப் போகும் ஊர் அல்ல. 1933ஆம் ஆண்டு, உலகமெங்கும் பொருளாதார நெருக்கடி. கடற்படையினரின் சம்பளத்தை வெட்டினான் டச்சுக்காரன். சுரபாயாவில் எதிர்ப்பு எழுந்தது, கைதுகள் நடந்தன. செய்தி சுமத்ராவின் வடகோடியில் நின்ற போர்க்கப்பல் ஒன்றுக்கு எட்டியது. "ஏழு மாகாணங்கள்" என்று பொருள்படும் டச்சுப் பெயர் அதற்கு. பிப்ரவரி 5ஆம் நாள் மாலுமிகள் கப்பலைக் கைப்பற்றிக் கொண்டு, சம்பள வெட்டை ரத்துச் செய், கைதானவர்களை விடு என்று அறிவித்துவிட்டுச் சுரபாயாவை நோக்கிச் செலுத்தினார்கள். அதிலே இந்தோனேசியரும் இருந்தனர், டச்சு மாலுமிகளும் இருந்தனர் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்! ஐந்து நாள் கழித்து விமானத்திலிருந்து குண்டு வீசினார்கள். 23 பேர் மாண்டார்கள்.

அப்படிப்பட்ட வீரன் ஜப்பானியன் வந்தபோது என்ன செய்தான்? 1942 மார்ச் மாதம், ஜாவாவில் ஜப்பானியர் கரையிறங்கிப் பத்தே நாட்களுக்குள் டச்சுப் படை சரணடைந்தது. மூன்று நூற்றாண்டு ஆண்ட வீறாப்பு பத்து நாளில் கரைந்தது. ஜப்பானியனோ ஆசியாவை விடுவிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, லட்சக்கணக்கான ஜாவா உழவர்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துச் சென்றான்.

1945 ஆகஸ்டு 15இல் ஜப்பான் வீழ்ந்தது. 17ஆம் நாள் காலை, ஜகார்த்தாவில் ஒரு வீட்டு முற்றத்தில், ஹட்டா அருகில் நிற்க, சுகர்ணோ விடுதலை அறிக்கையைப் படித்தார். நாடு பிறந்துவிட்டது. ஆனால் டச்சுக்காரனுக்கு அந்தப் பிறப்பு பிடிக்கவில்லை. விட்டு ஓடிய வீட்டுக்கு மறுபடி சொந்தம் கொண்டாட நினைத்தான். நினைப்புக்குப் பஞ்சமில்லை, படைக்குத்தான் பஞ்சம்! ஹாலந்தே அப்போதுதான் ஹிட்லரின் பூட்ஸ் காலடியிலிருந்து எழுந்திருந்தது. ஜாவாவிலிருந்த டச்சுச் சிப்பாய்கள் சிறை முகாம்களில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள்.

வந்தது பிரிட்டிஷ் படை. ஜப்பானியரின் ஆயுதங்களை வாங்கவும், முகாம்களில் கிடந்தவர்களை மீட்கவும் வருகிறோம் என்றார்கள். முகாம்களில் கிடந்தவர்களை மீட்க வேண்டியதுதான்; அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மீட்க வந்த கப்பலின் பின்னாலேயே டச்சு நிர்வாகமும் வந்து இறங்கியதே, அதற்கென்ன பெயர்? அப்போது லண்டனில் ஆட்சி நடத்தியவர் சர்ச்சில்கூட அல்லர். ஜூலை மாதத் தேர்தலில் அவரைத் தோற்கடித்து, தொழிலாளர் ஓட்டில் நாற்காலி ஏறிய அட்லியின் தொழிற்கட்சி! உள்நாட்டில் தொழிலாளிக்கு வாக்குறுதி, கடல் கடந்த நாட்டில் தொழிலாளிக்குத் துப்பாக்கி ரவை. கட்சியின் பெயரைப் பார்த்து மயங்கிப் போகிறவர்கள் இதை ஒரு மூலையில் எழுதி வைத்துக் கொள்ளலாம்.

சுரபாயாவில் என்ன நடந்தது? செப்டம்பர் 19 அன்று, நகரின் பெரிய ஓட்டல் ஒன்றின் உச்சியில் டச்சுக்காரர் சிலர் தங்கள் மூவர்ணக் கொடியை ஏற்றினார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம். கீழே கூட்டம் கூடியது. கைகலப்பு மூண்டது. இளைஞர்கள் கூரை மேல் ஏறினார்கள். கொடியை இறக்கினார்கள், அடியிலிருந்த நீலப் பட்டையைக் கிழித்தெறிந்தார்கள், மீதியை மறுபடி ஏற்றினார்கள். சிவப்பும் வெள்ளையும்! அது இந்தோனேசியக் கொடி அல்லவா! புதுக்கொடி தைக்கத் துணி தேட வேண்டிய வேலைகூட வைக்கவில்லை டச்சுக்காரன்.

அடுத்த வாரங்களில் ஜப்பானிய ஆயுதக் கிடங்குகள் மக்கள் கைக்கு வந்தன. சிலவற்றை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். பெரும்பகுதியை அங்கிருந்த ஜப்பானியத் தளபதி ஷிபாதாவே திறந்துவிட்டார். வேறெந்த நகரத்து மக்களுக்கும் கிடைக்காத அளவு ஆயுதம் சுரபாயாவுக்குக் கிடைத்தது. வானொலியில் ஒரு குரல் முழங்கத் தொடங்கியது. பூங் தோமோ என்று மக்கள் அழைத்த சுதோமோவின் குரல். வயது 25. பத்திரிகையில் வேலை பார்த்த இளைஞர். "கிளர்ச்சி வானொலி" என்று பெயரிட்டு மாலை தோறும் அவர் பேசுவார். தெருமுனைகளில் மக்கள் நின்று கேட்பார்கள். அக்டோபர் 22இல் நஹ்தலத்துல் உலமா என்ற முஸ்லிம் மார்க்க அறிஞர் அமைப்பு, இந்த விடுதலையைக் காப்பது கடமை என்று தீர்மானம் போட்டது. மதப் பள்ளி மாணவர்கள் கிராமங்களிலிருந்து நகருக்குள் வந்து சேர்ந்தார்கள்.

அக்டோபர் 25 அன்று, பிரிகேடியர் மல்லபி தலைமையில் 49ஆவது இந்தியப் பிரிகேடு துறைமுகத்தில் இறங்கியது. மராட்டியரும் ராஜபுதானத்தாரும் கொண்ட சில ஆயிரம் சிப்பாய்கள். மறுநாளே மல்லபியும் நகரத் தலைவர்களும் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். இந்தோனேசியரின் ஆயுதங்களைப் பறிப்பதில்லை என்றார் மல்லபி. மை காயவில்லை. 27ஆம் நாள் ஜகார்த்தாவிலிருந்து ஒரு விமானம் பறந்து வந்து துண்டுப் பிரசுரங்களைக் கொட்டியது. 48 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படையுங்கள், இல்லையேல் சுடப்படுவீர்கள் என்று! கீழே இருந்தவர் கொடுத்த வாக்கை மேலே இருந்தவர் காகிதமாக்கி வீசினார். மல்லபிக்கே அது முன்கூட்டித் தெரியாது. தெரிந்தும் மேலதிகாரியின் கட்டளையை அவர் மீறவில்லை.

28ஆம் நாள் நகரமே எழுந்தது. சிறு சிறு குழுக்களாகக் கட்டிடங்களில் சிதறிக் கிடந்த இந்தியச் சிப்பாய்களைப் பல்லாயிரம் மக்கள் சூழ்ந்துகொண்டார்கள். சுமார் 200 சிப்பாய்கள் மாண்டார்கள். அன்று வேறொன்றும் நடந்தது. முகாமிலிருந்து டச்சுப் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிச் சென்ற லாரி வரிசையும் தாக்கப்பட்டது. அதை மறைத்துப் புகழ் பாட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. குழந்தையைக் கொல்வது எந்த நாட்டு விடுதலைக்கும் தேவைப்பட்டதில்லை.

பிரிகேடு முழுவதும் அழிந்துவிடும் என்ற நிலை. பிரிட்டிஷார் யாரிடம் ஓடினார்கள்? அங்கீகரிக்க மாட்டோம் என்றார்களே, அந்தச் சுகர்ணோவிடம்தான்! விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, தயவு செய்து சண்டையை நிறுத்துங்கள் என்றார்கள். சுகர்ணோவும் ஹட்டாவும் அமீர் ஷரிபுதீனும் வந்தார்கள், நிறுத்தினார்கள். அவர்கள் திரும்பிப் போன 30ஆம் நாள் மாலையே, சிவப்புப் பாலத்துக்கு அருகில், கூட்டத்தின் நடுவே காரில் இருந்த மல்லபி கொல்லப்பட்டார். யார் முதலில் சுட்டது என்பது இன்றளவும் வாதத்துக்குரிய செய்தி. ஆனால் பழிவாங்குவது என்று முடிவு கட்டியவர்களுக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை.

5ஆவது இந்திய டிவிஷன் வந்திறங்கியது. ஏறத்தாழ 24,000 பேர். டாங்கிகள், விமானங்கள், போர்க்கப்பல்கள். நவம்பர் 9 அன்று மேஜர் ஜெனரல் மான்சர் இறுதி எச்சரிக்கை விடுத்தார். தலைவர்கள் எல்லோரும் அன்று மாலை 6 மணிக்குள் வந்து சரணடைய வேண்டும். ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். ஆயுதங்களைத் தூரத்திலேயே வைத்துவிட்டுக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கொண்டு வர வேண்டும். மறுநாள் காலை 6 மணிக்கு மேல் ஆயுதத்தோடு காணப்படுபவனுக்கு மரண தண்டனை!

சொந்த ஊரில், சொந்தத் தெருவில், கையைத் தூக்கிக் கொண்டு நடக்க வேண்டுமாம்! ஜகார்த்தாவோடு கலந்து பேசினார் கவர்னர் சூர்யோ. முடிவை நீங்களே எடுங்கள் என்று மேலிடம் விட்டுவிட்டது. அன்றிரவு வானொலி முன் நின்று, பணிய மாட்டோம் என்று அறிவித்தார்.

காலை 6 மணி. கெடு முடிந்தது. கடலிலிருந்து குண்டு, வானிலிருந்து குண்டு. ஷெர்மன் டாங்கியை எதிர்த்து ஜப்பானியத் துப்பாக்கி. துப்பாக்கி கிடைக்காதவன் கையில் கூராக்கிய மூங்கில். நகரின் பாதி முதல் மூன்று நாட்களில் பிரிட்டிஷார் கைக்குப் போனது. மீதியைப் பிடிக்க நவம்பர் முடியும் வரை ஆயிற்று. மூன்று வாரம்! ஒவ்வொரு தெருவுக்கும் விலை வைத்தான் சுரபாயாக்காரன். மாண்டவர் 6,000 என்கிறது ஒரு கணக்கு, 16,000 என்கிறது இன்னொரு கணக்கு. இரண்டு லட்சம் பேர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு வெளியேறினார்கள்.

நகரம் வீழ்ந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் பிரிட்டிஷ்காரன் ஒன்றைப் புரிந்துகொண்டான். தலைவர் சிலரின் சூழ்ச்சி இது, ஜப்பானியன் மூட்டிவிட்ட தீ இது என்று டச்சுக்காரன் சொன்ன கதையை அதன் பிறகு அவன் நம்பவில்லை. ஒரு நகருக்கே இப்படியென்றால், தீவு முழுவதையும் பிடிக்க எத்தனை டிவிஷன் வேண்டும்? கணக்குப் போட்டான். டச்சுக்காரனைப் பேச்சுவார்த்தைக்கு நெருக்கினான். 1946 நவம்பர் முடிவில் மூட்டை கட்டினான். சண்டையில் தோற்ற ஊர், அரசியலில் வென்ற விதம் இது.

இனி, அந்தச் சிப்பாய்.

அவன் யார்? சதாராவிலோ, ஜீலத்திலோ, ரோதக்கிலோ பிறந்த உழவன் மகன். இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் இந்தியர் பட்டாளத்தில் இருந்தார்கள். மன்னர்மீது கொண்ட பக்தியால் போனவர்கள் எத்தனை பேர், மாதச் சம்பளத்துக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் போனவர்கள் எத்தனை பேர் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 5ஆவது டிவிஷன் எரித்ரியாவில் இத்தாலியரோடு மோதியது, பாலைவனத்தில் ஜெர்மானியரோடு மோதியது, இம்பாலில் ஜப்பானியரை மடக்கியது. பாசிசத்தை எதிர்த்து அவன் சிந்திய ரத்தத்தை நாம் சிறுமைப்படுத்த மாட்டோம். போர் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தவனைத்தான் கப்பலேற்றிச் சுரபாயாவில் இறக்கினார்கள். எதிரில் நின்றவன் ஜெர்மானியனும் அல்ல, ஜப்பானியனும் அல்ல. அவனைப் போலவே வெயிலில் கறுத்த ஓர் உழவன். அவன் கேட்டதோ, இவன் வீட்டில் இவன் தம்பி கேட்டுக் கொண்டிருந்த அதே விடுதலை!

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1945 நவம்பர் 5, டில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ், சேகல், தில்லான் மூவர் மீதும் வழக்குத் தொடங்குகிறது. மன்னருக்கு எதிராகப் போரிட்டார்களாம்! ஐந்தே நாள் கழித்து சுரபாயாவில் குண்டு விழுகிறது. தன் நாட்டின் விடுதலைக்குத் துப்பாக்கி எடுத்த இந்தியன் கூண்டிலே. அடுத்த நாட்டின் விடுதலைக்கு எதிராகத் துப்பாக்கி எடுக்க வைக்கப்பட்ட இந்தியன் களத்திலே. இந்தியச் சிப்பாய்களை இப்படிக் கூலிப்படையாக்குவதை நேரு கண்டித்தார். கண்டனம் லண்டனின் காதில் ஏறவில்லை. சிப்பாய்களில் சில நூறு பேர் பேசாமல் துப்பாக்கியோடு அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். சிலர் அங்கேயே குடும்பம் கொண்டு தங்கியும் விட்டார்கள்.

ஆனால் நாம் சொன்ன இரண்டாம் பாகம் இதனினும் பெரிது. அது தொடங்கிய இடம் ஆஸ்திரேலியா.

போர்க்காலத்தில் டச்சுக் கப்பல்கள் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் ஒதுங்கியிருந்தன. ஜாவாவுக்குப் படையும் ஆயுதமும் ஏற்றிப் போக அவை 1945 செப்டம்பரில் ஆயத்தமாயின. முதலில் இந்தோனேசிய மாலுமிகள் கப்பலைவிட்டு இறங்கினார்கள். உடனே பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் துறைமுகத் தொழிலாளர் சங்கம் டச்சுக் கப்பல்களைத் தொட மாட்டோம் என்று தடை போட்டது. வெள்ளைத் தொழிலாளி, பழுப்புத் தொழிலாளிக்காக வேலையை நிறுத்தினான். கப்பல் பழுது பார்ப்பவர்கள், இழுவைப் படகுக்காரர்கள், வண்ணம் பூசுபவர்கள் வரை கை கட்டிக் கொண்டார்கள்.

டச்சு முதலாளி என்ன செய்தான்? இந்தியக் கலாசிகளைத் தேடிப் பிடித்தான்! வெள்ளை மாலுமிக்குக் கொடுப்பதில் சிறு பங்கைக் கொடுத்தால் போதும். வாய் திறக்க மாட்டான். ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டலாம். அதுதான் அவன் கணக்கு. சுரபாயாவில் செய்த அதே தந்திரம்! அங்கே சிப்பாயை வைத்து மக்களை நொறுக்குவது, இங்கே கலாசியை வைத்து வேலைநிறுத்தத்தை உடைப்பது.

கணக்கு பொய்த்தது. அக்டோபரில் இந்தியக் கலாசிகளும் கூட்டம் கூட்டமாகக் கப்பலைவிட்டு இறங்கினார்கள். ஆஸ்திரேலிய இந்திய மாலுமிகள் சங்கம் என்று ஒன்றை அமைத்துக் கொண்டார்கள். பத்ராஸ் என்ற டச்சுக் கப்பல் இந்தியக் கலாசிகளோடு சிட்னியைவிட்டுக் கிளம்பியேவிட்டது. சங்கத்துக்காரர்கள் சும்மா இருந்தார்களா? ஒரு மோட்டார் படகில் ஏறித் துரத்தினார்கள். கப்பலின் ஓரத்தில் ஒட்டிக் கொண்டே போய், ஒலிபெருக்கியில், நம் நாட்டு மொழியிலே, நீங்கள் எதை ஏற்றிக் கொண்டு எங்கே போகிறீர்கள் தெரியுமா என்று எடுத்துச் சொன்னார்கள். கப்பல் வெகுதூரம் போகவில்லை. கலாசிகள் வேலை செய்ய மறுத்தார்கள், கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியது.

யோரிஸ் இவன்ஸ் என்ற திரைப்பட இயக்குநர் இதையெல்லாம் 1946இல் ஒரு படமாக்கினார். அவர் டச்சுக்காரர்! டச்சு அரசு கொடுத்த பதவியைத் தூக்கியெறிந்துவிட்டு வந்து எடுத்தார். அந்தத் தடை ஆண்டுக்கணக்கில் நீடித்து, 500க்கு மேற்பட்ட கலங்களைத் தொட்டது.

சிட்னியில் மூண்டது பம்பாயிலும் மூண்டது. 1946 பிப்ரவரி 18. கப்பல் படையின் தல்வார் பயிற்சித் தளத்தில் மோசமான சோற்றை எதிர்த்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். இரண்டொரு நாளில் 78 கப்பல்கள், 20,000 பேர் என்று பரவியது. சென்னையிலும் கடற்படையினர் சேர்ந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நல்ல சாப்பாடு வேண்டும். வெள்ளையனுக்குச் சமமான சம்பளம் வேண்டும். அரசியல் கைதிகளை விடு. இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படையைத் திரும்ப அழை!

சோற்றுக்குக் கிளர்ந்தவன் அடுத்த மூச்சில் சுரபாயாவை நினைத்தான்! பெரிய கட்சிகளின் தலைவர்கள் அவனைச் சரணடையச் சொன்னார்கள். பம்பாயின் மில் தொழிலாளியோ 22ஆம் நாள் ஆலையைவிட்டுத் தெருவுக்கு வந்தான். அந்தத் தெருக்களில் 200க்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தியச் சிப்பாயை வைத்து இனி எந்த நாட்டையும் அடக்க முடியாது என்பதை வெள்ளையனுக்குச் சொன்னது அந்த ரத்தம்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டிஷார் போன பின் டச்சுக்காரன் 1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் இரு பெரும் படையெடுப்புகள் நடத்தினான். "போலீஸ் நடவடிக்கை" என்று அவற்றுக்குப் பெயர் வைத்தான். கடைசியில் 1949 டிசம்பர் 27இல் ஆட்சியைக் கைமாற்றினான். கைமாற்றும்போது ஒரு கடன் பத்திரத்தையும் சேர்த்து நீட்டினான். 400 கோடி கில்டருக்கு மேல் கடன், புதிய நாடு கட்ட வேண்டுமாம். அடித்த தடிக்கும் அடிபட்டவனே காசு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு! 1956இல்தான் இந்தோனேசியா அந்த ஒப்பந்தத்தைக் கிழித்தது. 1945 ஆகஸ்டு 17தான் இந்தோனேசியாவின் பிறந்த நாள் என்று டச்சுப் பிரதமர் முழுமையாக ஒப்புக்கொண்டது எப்போது? 2023இல்! நீலப் பட்டையைக் கிழித்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கும் நரை கண்ட பிறகு.

பூங் தோமோவை அவருடைய சொந்த நாட்டு அரசும் எளிதில் மதிக்கவில்லை. சுகார்த்தோ ஆட்சியைக் குறை சொன்னதற்காக 1978இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். 1981இல் ஹஜ் சென்ற இடத்தில் இறந்தார். தேசிய வீரர் என்ற பட்டம் 2008இல்தான் வந்தது. ஆண்டுதோறும் வீரர் நாள் கொண்டாடிய நாடு, அந்த நாளின் குரலுக்குப் பட்டம் கொடுக்க 63 ஆண்டு எடுத்துக் கொண்டது.

மல்லபியின் கல்லறை ஜகார்த்தாவில், மெந்தெங் பூலோ என்ற இடத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அதே தோட்டத்தில் இந்தியச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன. வரிசை பிசகாமல் நட்ட கற்கள், ஒரே அளவில் வெட்டிய புல். வீரர் தூணுக்கு மலர் வளையம் வைக்கிற நாளில், அங்கே கிடக்கிற நம் உழவன் மகன்களுக்கு மலர் வைக்க அவர்கள் ஊரிலிருந்து யார் போகிறார்கள்? வேறொருவன் நாட்டை வேறொருவனுக்குப் பிடித்துக் கொடுக்க எங்கள் பிள்ளை ஏன் போனான் என்று அந்தத் தாய்மார்கள் கேட்டிருந்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் லண்டனில் இருந்தார்கள்.